டேங்கில் டீசல் இருக்கு, இன்ஜின் ஏன் நிக்குது?

கேள்வி இதுதான்: பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் தக்காளித் தோட்டம். கிணற்றடியில் 5 எச்.பி. ஆயில் இன்ஜின், 1500 ஆர்.பி.எம். ஹேண்டில் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. 10, 15 நிமிடம் நன்றாக ஓடி, பிறகு சத்தம் ஏறி ஏறி இறங்கி நின்றுவிடுகிறது. காற்று எடுத்தால் (டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றினால்) மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. இன்ஜினுக்குள் டீசலைச் சாரலாக அடிக்கும் நாசில் புதிதாகப் போட்டாகிவிட்டது, பலன் இல்லை. டீசல் பம்பைக் கழற்றிக் கொடு என்கிறார் மெக்கானிக். கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் அடைப்பு விடும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். எதைச் செய்வது, அண்ணா?

பதில்: தம்பி, இரண்டையும் செய்ய வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளத்திலேயே பாதி விடை இருக்கிறது. நாசில் கெட்டுப்போன இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதே காட்டிக்கொடுக்கும்: கரும்புகை தள்ளும், உள்ளே சுத்தியலால் தட்டுவது போல் சத்தம் வரும், லோடு இழுக்காது. பம்ப் தேய்ந்த இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஓடும், சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி எடுக்க அடம்பிடிக்கும். உங்களுடையது கால் மணி நேரம் முழு வேகத்தில் தண்ணீர் தூக்கிவிட்டு நிற்கிறது. காற்று எடுத்த உடனே அதே சூட்டிலேயே ஓடுகிறது. அப்படியானால் பம்பும் நாசிலும் தங்கள் வேலையைச் செய்கின்றன, அவற்றுக்கு டீசல்தான் போய்ச் சேரவில்லை. தேட வேண்டிய இடம் டேங்க் மூடியிலிருந்து பம்பின் வாய் வரைக்கும் உள்ள ஒன்றரை முழத் தூரம். அங்கே இருக்கிற பொருள்களுக்குப் பெரும்பாலும் பம்ப் வேலையைவிட மிகக் குறைந்த செலவுதான்.

முதலில் ஒரு கணக்கு. 5 எச்.பி. இன்ஜின் முழு லோடில் மணிக்குச் சுமார் 1.1 லிட்டர் டீசல் குடிக்கும். நிமிடத்துக்கு 18 மி.லி., அதாவது இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடிக்குள் அடங்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 750 முறை டீசல் அடிக்க வேண்டும். 18 மில்லியை 750 ஆல் வகுத்தால் ஒரு அடிக்கு வருவது ஏறக்குறைய அரைச் சொட்டு. அந்த அரைச் சொட்டை பம்ப் சதுர செ.மீ.க்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்துக்கு ஏற்றினால்தான் நாசிலின் ஊசி எழும். டீசல் அமுங்காது, அதனால் தள்ளினால் தள்ளிய இடத்துக்கு அழுத்தம் போகும். காற்று அமுங்கும். அரைச் சொட்டு இருக்க வேண்டிய இடத்தில் கடுகளவு காற்றுக் குமிழ் உட்கார்ந்தால், பம்ப் அந்தக் குமிழையே ஸ்பிரிங் மாதிரி அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு இருக்கும். நாசில் வாயே திறக்காது. கடுகளவு காற்றுக்காக ஓர் இன்ஜின் நிற்பது இப்படித்தான். சத்தம் ஏறி இறங்குவதும் இதனால்தான்: சில அடி விழுகிறது, சில அடி விழவில்லை, வேகம் குறையும்போதெல்லாம் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் இன்னும் டீசல் கேட்கிறது.

இனி டேங்க் மூடிக்கு வருவோம். உங்கள் அடையாளத்துக்கு என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். இந்த இன்ஜின்களில் டீசலை இழுத்துக் கொடுக்கத் தனி மோட்டார் கிடையாது. டேங்க் மேலே, பம்ப் கீழே. தன் பாரத்தில் இறங்குவதுதான். ஒரு சொட்டு இறங்கினால் அந்த இடத்துக்கு ஒரு சொட்டுக் காற்று டேங்குக்குள் வர வேண்டும். அதற்காகத்தான் மூடியில் ஊசி ஓட்டை. அந்த ஓட்டையைப் போய்ப் பாருங்கள். டீசல் கசிந்து, அதன்மேல் செம்மண் தூசி படிந்து, வெயிலில் காய்ந்து தார் மாதிரி ஆகியிருக்கும். மாசக்கணக்கில் சும்மா நின்ற இன்ஜினில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். இன்னொரு பழக்கம், மழைத்தண்ணீர் இறங்கக்கூடாது என்று மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் கவரை வைத்துத் திருகுவது. அதுவும் அடைப்புதான், நாமே போட்ட அடைப்பு.

ஓட்டை அடைந்தால் டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் ஏறும். டேங்குக்கும் பம்புக்கும் உயர வித்தியாசம் 40 செ.மீ. என்று வைத்தால், டீசலைக் கீழே தள்ளும் பலம் காற்றழுத்தத்தில் 3 சதவீதம்தான். 6 லிட்டர் டேங்கில் பாதி டீசல், பாதி காற்று என்றால், 100 மி.லி. இறங்கியதும் உள்ளே இருக்கிற காற்று 3 சதவீதம் விரிந்துவிடும். தானாக இறங்குவது அத்தோடு நின்றுபோகும். அதற்குப் பிறகும் பம்பே கொஞ்சம் இழுத்துக்கொண்டு ஓடும், அப்புறம் மூச்சு முட்டும். ஆக 10, 15 நிமிடம் என்பது பொருந்துகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: டேங்கை முட்ட நிரப்பினால் உள்ளே காற்று குறைவு, அதனால் வெற்றிடம் சீக்கிரம் ஏறி இன்ஜின் சீக்கிரம் நிற்கும். பாதி டேங்கில் கூடுதல் நேரம் ஓடும். டீசல் நிறைய இருக்கும்போது சீக்கிரம் நிற்கிறதா, குறையக் குறைய அதிக நேரம் ஓடுகிறதா என்று நினைத்துப் பாருங்கள். ஆம் என்றால் மூடியேதான். நேர்மாறாக, டேங்க் கால் பாகத்துக்கு இறங்கியதும் தொல்லை தொடங்கினால் டேங்க் அடியில் டீசலைத் திறந்து மூடும் திருகான 'காக்'கையும் பைப்பையும் பார்க்க வேண்டும்.

சோதனைக்குக் காசு வேண்டாம். இன்ஜின் நின்றதும் முதல் வேலையாகக் காற்று எடுக்கப் போகாமல் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் திருடன் பிடிபட்டான். இல்லையென்றாலும், மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் மூடியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு (மண்ணெண்ணெய்க்கு இங்கே வேலை இவ்வளவுதான்), ஓட்டையை மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதிப் பார்த்து மாட்டுங்கள். மூடிக்கு உள்பக்கம் ஸ்பாஞ்சோ தகடோ இருந்தால் அதையும் கழற்றிக் கழுவ வேண்டும். வெளி ஓட்டை திறந்திருந்து உள்ளே அடைத்திருப்பது உண்டு. மழைக்குப் பயந்தால் மூடிமேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து நூலால் கட்டிவிடுங்கள். காற்றும் போகும், தண்ணீரும் இறங்காது.

மூடியைத் தாண்டியும் நிற்கிறது என்றால் அடுத்தது பாட்டில் சோதனை. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். பம்புக்குள் டீசல் நுழைகிற இடத்தில், நடுவில் ஓட்டை போட்ட போல்ட் ஒன்று பைப்பைப் பிடித்திருக்கும். சுற்றிலும் துணியால் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். பைப்பை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, காக்கைத் திறந்து, செல்போனில் ஒரு நிமிடம் பாருங்கள். 200 மில்லிக்குக் குறையாமல் விழ வேண்டும். தேவை 18 தானே, எதற்கு 200 என்று கேட்கலாம். பாட்டிலுக்குள் தடையில்லாமல் விழுகிறது. ஓடும்போது அப்படி இல்லை. பம்ப் சீராக வாங்காது, நொடிக்குப் பன்னிரண்டு தடவை வெடுக்கென்று இழுக்கும். அதற்குக் கையிருப்பு வேண்டும். நிமிடத்துக்கு 50, 60 மில்லிதான் வருகிறது என்றால் லோடு இல்லாதபோது ஓடி, தண்ணீர் பம்ப் தண்ணீர் எடுத்து லோடு ஏறியதும் மூச்சு வாங்கும்.

ஒரு நிமிடத்தோடு நிறுத்தாமல் பாட்டில் நிரம்பும் வரை விடுங்கள். முதலில் தடிமனாக விழுந்து போகப்போக நூலாக மெலிகிறதா? மெலியும்போது மூடியைத் தளர்த்தினால் மறுபடி தடித்தால், மூடி. தளர்த்தியும் தடிக்கவில்லை என்றால், டேங்க் அடியில் கிடக்கிற கசடு நகர்ந்து வந்து காக் வாயில் உட்காருகிறது என்று அர்த்தம். தொடக்கத்திலிருந்தே மெலிவாக இருந்தால் பில்டருக்கு முன்னால் பைப்பைக் கழற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். முன்னால் நன்றாக விழுந்து பின்னால் மெலிந்தால் பில்டர். முன்னாலேயே மெலிந்தால் காக்கும் பைப்பும். பாட்டிலில் பிடித்த டீசலைக் கொட்ட வேண்டாம், ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அதில் இன்னொரு சேதி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

காக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் சின்னக் கம்பி வலை இருக்கும். டேங்கைக் காலி செய்து காக்கைக் கழற்றினால் தெரியும். துரு, செத்த பூச்சி, துணி நூல், சில நேரம் கேன் மூடியின் உள் அட்டை கூட அங்கே அகப்படும். வலையைக் கழுவி மாட்டுங்கள், கிழித்து எறிய வேண்டாம். டேங்கைக் கழுவ அரை லிட்டர் டீசலை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவது, தெளிவாக வரும் வரை இரண்டு மூன்று முறை. சோப்புத் தண்ணீர் வேண்டாம். மூலையில் நிற்கிற தண்ணீர் முழுதாக வடியாது. டேங்க் ஓட்டையாகிப் பற்றவைக்கக் கொடுப்பதாக இருந்தால், காலி டேங்கில் நிற்கும் டீசல் ஆவிதான் ஆபத்து என்பதை வெல்டிங்காரருக்கு நினைவூட்டிவிடுங்கள்.

பைப் விஷயத்தில் நம் பக்கத்தில் நடக்கிற தவறு ஒன்று. கம்பெனி பைப் வெடித்ததும், கையில் கிடைக்கிற சொட்டுநீர் ட்யூபையோ, தண்ணீர் லெவல் பார்க்கும் வெள்ளை ட்யூபையோ வெட்டி மாட்டிவிடுவது. வெள்ளை ட்யூப் டீசலில் சில வாரத்திலேயே மஞ்சளாகி விறைத்துவிடும், அப்புறம் முனையில் கிளிப்புக்கு அடியில் மயிரிழை விரிசல் விடும். சைலன்சர் சூடு படும் இடத்தில் இளகி, வளைவில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்று ஆறியதும் ட்யூப் பழையபடி விரியும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. டீசலுக்கென்று விற்கும் நூல் பின்னிய ரப்பர் ட்யூபை வாங்கி, இரண்டு முனைக்கும் கிளிப் போடுங்கள்; கட்டுக்கம்பி முறுக்குவது ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் இடைவெளி விடும்.

நீளமும் முக்கியம். டேங்கிலிருந்து பம்பு வரை பைப் ஒரே சரிவாக இறங்க வேண்டும். நீளமாக வெட்டிய ட்யூப் நடுவில் வில் மாதிரி மேலே எழும்பினால், எவ்வளவு காற்று எடுத்தாலும் அந்த வளைவின் உச்சியில் ஒரு குமிழ் தங்கிவிடும். இன்ஜின் அதிரும்போது அது உடைந்து உடைந்து பம்புக்குப் போகும். வண்டியில் ஏற்றி ஒரு கிணற்றிலிருந்து இன்னொரு கிணற்றுக்குக் கொண்டுபோகிற இன்ஜின்களில், டேங்கைத் தனியாக மரத்தில் கட்டித் தொங்கவிட்ட இடங்களில், இது சாதாரணம்.

பில்டருக்குள் இருப்பது காகிதமா, துணியா என்று பாருங்கள். துணி அல்லது கம்பளி வகையை டீசலில் கசக்கிக் கழுவலாம். காகித வகையைக் கழுவக்கூடாது. கழுவினால் சுத்தமானது போல் தெரியும், உள்ளே காகிதத்தின் துளை பெருத்திருக்கும். மாற்றும்போது கிண்ணத்தின் அடிக் கசடைத் துடைத்து, மேல் ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய வளையம் தட்டையாகிப் போயிருக்கும். புது பில்டர் போட்ட பிறகு காற்றுத் தொல்லை தொடங்கியது என்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் அந்தப் பழைய வளையம்தான் காரணம். பில்டரே இல்லாமல் நேராக பம்புக்கு இணைப்பது மட்டும் கூடவே கூடாது. பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. தலைமயிர் அதைவிட இருபது மடங்குக்கு மேல் தடி. கண்ணுக்குத் தெரியாத மண் துகள் அங்கே உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த வேலையைச் செய்துவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம், மெக்கானிக்குகளே பலர் தவறவிடுவது. இன்ஜின் நிற்கும்போது டேங்கிலிருந்து பம்பு வரை எல்லா இணைப்பிலும் டீசல் வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கும், ஏனென்றால் டேங்க் மேலே இருக்கிறது. இணைப்பில் ஓட்டை இருந்தால் டீசல் கசியுமே தவிரக் காற்று உள்ளே வராது. அப்படியிருக்க காற்று எப்படி நுழைகிறது? மூடியோ காக்கோ பில்டரோ அடைத்து, டீசல் போதாமல், பம்ப் இழுக்கும்போதுதான் பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகிறது. அப்போது கசிகிற அதே இணைப்பு காற்றை உறிஞ்சும். அதனால் காற்று வருகிறது என்று வாஷரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் தீராது. அடைப்பையும் எடுக்க வேண்டும், கசிவையும் நிறுத்த வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க இன்ஜினை நன்றாகத் துடைத்து, காக்கைத் திறந்து வைத்து, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் எந்த இணைப்பைச் சுற்றி ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கிறதோ அதுதான் இடம்.

பெரும்பாலும் அது ஓட்டை போல்ட்டின் இரண்டு பக்கமும் உள்ள செம்பு வாஷராக இருக்கும். ஒருமுறை இறுக்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும். கழற்றி மறுபடி போட்டால் பழைய பள்ளத்தில் சரியாகப் படியாது. புதிது கிடைத்தால் புதிது. கிடைக்காத நேரத்தில் பழையதை இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்பில் செக்கச் செவேலென்று ஆகும் வரை காட்டி, தண்ணீரில் போடுங்கள். இரும்பு இப்படிச் செய்தால் கெட்டியாகும், செம்பு இளகும். இரண்டு முகத்தையும் கண்ணாடிமேல் வைத்த மெல்லிய உப்புக் காகிதத்தில் தேய்த்துக் கழுவி மாட்டினால் புதியதுக்குச் சமம். வெள்ளை டேப் சுற்றுவது, எம்-சீல் பூசுவது வேண்டாம். டேப்பின் இழை ஒன்று பிய்ந்து பம்புக்குள் போனால், நாசில் பக்கம் போன டீசல் திரும்பாமல் தடுக்கும் டெலிவரி வால்வில் சிக்கிக்கொள்ளும், அப்போது உண்மையாகவே பம்பைக் கழற்ற வேண்டிவரும்.

இவ்வளவும் முடித்த பிறகு காற்று எடுப்பது. பலர் நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்தி ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், தோள்தான் வலிக்கும். மேலேயிருந்து கீழே வரிசையாக வர வேண்டும். டேங்கில் பாதிக்கு மேல் டீசல், காக் முழுக்கத் திறப்பு. பில்டரின் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். நுரையாக வரும், பிறகு விட்டு விட்டு வரும், பிறகு கண்ணாடி மாதிரி ஒழுகும். ஒழுகிக்கொண்டிருக்கும்போதே இறுக்க வேண்டும், நின்ற பிறகு இறுக்கினால் ஒரு குமிழ் உள்ளே போய்விடும். அடுத்து பம்பின் பக்கவாட்டு ஸ்க்ரூ, அதே மாதிரி. அந்த ஸ்க்ரூ இல்லாத பம்ப் என்றால் ஓட்டை போல்ட்டையே அரைச் சுற்று தளர்த்தினால் போதும்.

கடைசியாக, பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் பிரஷர் பைப். நாசில் பக்கம் உள்ள நட்டை, பெரும்பாலும் 17 அல்லது 19 ஸ்பேனர், ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். ஸ்டாப் லிவர் நிறுத்தும் நிலையில் இல்லாமல் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நிறுத்தும் நிலையில் வைத்துக்கொண்டு நூறு சுற்று சுற்றுபவர்கள் உண்டு. அந்த நிலையில் பம்ப் ஒரு சொட்டும் தள்ளாது. இன்ஜின் லேசாகச் சுற்றுவதற்காக உள் அழுத்தத்தை விடும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி வைத்து ஹேண்டிலைச் சுற்றுங்கள், கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து. ஹேண்டில் திருப்பி அடித்தால் கட்டை விரல் தப்பும். நட்டின் ஓரத்தில் முதலில் நுரை, பிறகு ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒரு சொட்டுத் துள்ளல். குமிழ் இல்லாமல் பத்துத் துள்ளல் வந்ததும் நட்டை இறுக்குங்கள். பலம் கொண்ட மட்டும் இறுக்க வேண்டாம், பைப் முனையின் கூம்பு நசுங்கிவிடும். மறுபடி சுற்றினால் நாசிலில் 'கிர்க், கிர்க்' என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வந்தால் டீசல் அடிக்கிறது, லிவரை விட்டு ஸ்டார்ட் செய்யலாம். வராவிட்டால் இன்னும் குமிழ் இருக்கிறது, திரும்பவும் பில்டரிலிருந்து. சிந்தின டீசலைத் துடைத்துவிடுங்கள், முக்கியமாக சைலன்சர் பக்கம்.

இப்போது அந்தப் பாட்டில். ஒரு மணி நேரம் கழித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அடியில் தண்ணீர் இருந்தால் தெளிவான கோடு போட்டுத் தனியாக நிற்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம். கருப்பாக வழவழவென்று ஏதாவது மிதந்தால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் பூசணம் அது, பில்டரை அடைப்பதில் மண்ணைவிட மோசம். இலவச மின்சாரம் வருகிற தோட்டங்களில் ஆயில் இன்ஜின் கரண்ட் இல்லாத நேரத்துக்கு மட்டும்தான். வருஷத்தில் பாதி நாள் கால் டேங்க் டீசலோடு சும்மா நிற்கும். பகலில் சூடு, ராத்திரி பனி. மார்கழியில் காலிப் பகுதியின் உள்சுவரில் வேர்த்து வேர்த்துத் தண்ணீர் இறங்கும். அதனால் சும்மா நிறுத்துவதென்றால் டேங்கை முட்ட நிரப்பி நிறுத்துங்கள், இல்லையேல் ஒரேயடியாக வடித்துவிடுங்கள். பங்கிலிருந்து கேனில் வாங்கி வருகிற டீசலை உடனே ஊற்றாமல் ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, அடியில் இரண்டு விரற்கடை விட்டு மேலாக, மெல்லிய வலை வைத்த புனலில் ஊற்றுவது நல்லது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் நூல் போகும். மருந்து வந்த கேனை எவ்வளவு கழுவினாலும் டீசலுக்கு எடுக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய் கலப்பதைப் பற்றி: பம்பின் பிளஞ்சருக்குத் தனியாக ஆயில் கிடையாது, அதன் வழியாகப் போகிற டீசலே அதற்கு வழுவழுப்பு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு குறைவு, நீர்த்தும் இருக்கும். கலந்து ஓட்டினால் பிளஞ்சர் தேயும். தேய்ந்த பம்பில் சூடான டீசல் ஓரமாகக் கசிந்து, அரைச் சொட்டுக்குப் பதில் கால் சொட்டுதான் நாசிலுக்குப் போகும். அடைப்பு விடாது, இல்லாத வியாதிதான் வரும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போடுவதே இப்படிக் கலப்பதைக் கண்டுபிடிக்கத்தான். டீசலில் நீலம் தட்டினால் அதை வாங்காதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் நிற்கிறது என்றால் அப்போது பம்பைச் சந்தேகப்படலாம், கழற்றாமலே. பிரஷர் பைப்பை முழுக்க எடுத்துவிட்டு, காக்கைத் திறந்து, ஸ்டாப் லிவரை ஓடும் நிலையில் வைத்து, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிக்கொண்டே பம்பின் மேல் வாயைப் பாருங்கள். துள்ளி வருவது சரி. ஹேண்டிலை நிறுத்திய பிறகும் ஊற்று மாதிரி டீசல் தானாகப் பொங்கி வழிந்தால் டெலிவரி வால்வு மூடவில்லை. நல்ல வால்வின் ஸ்பிரிங்கை டேங்கின் பாரத்தால் திறக்க முடியாது. சில நேரம் அதில் மாட்டியிருக்கும் ஒரு தூசிதான் காரணம். சுத்தமான டீசலில் கழுவி மாட்டினால் சரியாகும். நாசிலுக்கு மேலே திரும்பி வரும் மெல்லிய பைப்பில் ஓடும்போது அவ்வப்போது சொட்டு விழுவது இயல்பு, தாரையாக ஒழுகினால் நாசில் தேய்ந்தது.

நாசிலைக் கழற்றி வெளியே அடிக்க விட்டுப் பார்க்கும் ஆசை வந்தால் கையை எதிரே வைக்காதீர்கள். அந்தப் புகை மாதிரி சாரல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகும். குத்திவிட்டால் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு ஏறிவிட்டது என்று சொல்லுங்கள்.

இன்ஜினைக் கிணற்றுக்குள் திட்டில் இறக்கி வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. நீர்மட்டம் 6, 7 மீட்டருக்குக் கீழே போனால் மேலேயிருந்து இழுக்காது என்பதால் நம் பக்கத்துக் கல் கிணறுகளில் அப்படி இறக்குவது வழக்கம். அப்படி இருந்தால் நின்ற இன்ஜினைப் பார்க்க உடனே இறங்காதீர்கள். கால் மணி நேரம் ஓடிய புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளை மயக்கித் தள்ளிவிடும். புகைக் குழாயைக் கிணற்றுக்கு வெளியே வரை நீட்டியாக வேண்டும். இந்தச் சோதனைகளை இன்ஜினை மேலே ஏற்றி வைத்துச் செய்யுங்கள்.

கடைசியில் பம்பைக் கழற்றிக் கொடுக்கும்படியே ஆனால், டீசல் பம்ப் டெஸ்ட் செய்யும் மெஷின் வைத்திருக்கிற கடைக்கே கொடுங்கள். பிரித்துப் பார்த்து மாட்டுகிற கடைக்கு வேண்டாம். கழற்றும் முன் சுற்றிலும் கழுவி, திறந்த வாய்களையெல்லாம் சுத்தமான பிளாஸ்டிக் கவரால் கட்டுங்கள். பம்புக்கு அடியில் இன்ஜினோடு சேரும் இடத்தில் காகிதம் போல மெல்லிய தகடுகள் இருக்கும். டீசல் எந்த நொடியில் அடிக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது அவைதான். எத்தனை தகடு என்று எண்ணி, ஒரு நூலில் கோத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பம்போடு அனுப்ப வேண்டாம். ஒன்று குறைந்து திரும்பி வந்தாலும் டைமிங் மாறிவிடும்.